மூடி திறக்க மாட்டேங்குதா? முதல்ல காத்தை உள்ள விடுங்க!

அடுப்படி கேள்வி பதில்

போன இதழ்ல ஊறுகாய் பத்தி எழுதினதுக்கு வந்த மெயில், வாட்ஸ்அப் எல்லாம் படிச்சு பாத்தா, ஊறுகாய் எப்டி போடறதுன்னு கேட்டவங்கள விட பாட்டில திறக்க முடியலன்னு புலம்பினவங்க தான் ஜாஸ்தி. சரி, இந்த தடவை பக்கம் பூரா மூடி, டப்பா, டின் சமாச்சாரம் மட்டும் தான். ஒரே மாதிரி கேள்விய எல்லாம் சேத்து ஒண்ணாக்கிட்டேன், உங்க கேள்வி இல்லையேன்னு கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, புதுசா வாங்கின ஜாம் பாட்டில், பாஸ்தா சாஸ் பாட்டில் இதெல்லாம் முதல் தடவை திறக்கறதுக்குள்ள உயிர் போகுது. எங்க வீட்டுக்காரர் பனியன் எல்லாம் நனைய முறுக்கி பாத்துட்டு மரை கழண்டுடுச்சுன்னு சொல்லி வச்சுட்டு போயிட்டாரு. என் பையன் ஜிம்முக்கு போறவன், அவனாலயும் முடியல. என்ன தான் போட்டு ஒட்டறாங்க அதுல? — கும்பகோணம் வாசகி

ஒண்ணும் போட்டு ஒட்டலங்க, காத்து தான் அழுத்துது. ஃபேக்டரில ஜாமை கொதிக்க கொதிக்க பாட்டில்ல ஊத்தி உடனே மூடிடறாங்க, அப்ப மேல இருக்கற காலி இடத்துல ஆவி தான் இருக்கும், காத்து ரொம்ப இருக்காது. அப்பறம் பாட்டில் ஆறும்போது அந்த ஆவி தண்ணியாயிடும், ஆவி இருந்த இடம் கிட்டத்தட்ட காலியாயிடும். வெளில இருக்கற காத்துக்கு உள்ள எதிர்த்து தள்ள ஆள் இல்ல, அது மூடிய போட்டு அமுக்கிட்டே இருக்கும். கணக்கு வேணும்னா போட்டு பாருங்க, ஜாம் பாட்டில் மூடி குறுக்கால சுமார் 6.3 செ.மீ., அதோட பரப்பு 31 சதுர செ.மீ. வரும், ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 1 கிலோ காத்து அழுத்தம், உள்ள பாதி காத்து இல்லன்னு வச்சுக்கிட்டா கூட 15 கிலோ அரிசி மூட்டைய மூடி மேல ஏத்தி வச்ச மாதிரி. அந்த மூட்டைய இறக்காம ஜிம் பையன் திருகினா மட்டும் எப்டி வரும்? அவன் கைய குறை சொல்லாதீங்க பாவம்.

அதனால திருகறதுக்கு முன்னாடி உள்ள காத்தை விடணும், அவ்ளோ தான் விஷயம். மூடியோட கீழ் விளிம்ப உத்து பாருங்க, உள்பக்கமா சுருட்டி விட்டிருக்கும், அங்கங்க நாலஞ்சு எடத்துல பல்லு மாதிரி கொஞ்சம் உள்ள நீட்டிட்டு இருக்கும். பாட்டில் கழுத்துல இருக்கற மரைய அந்த பல்லு தான் பிடிச்சிட்டு இருக்கு. ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கற சந்துல ஒரு ஸ்பூன் காம்போட முனைய விட்டு, தகரத்தை வெளிப்பக்கமா, அதாவது கண்ணாடிய விட்டு விலகற மாதிரி, மெதுவா நெம்புங்க. கண்ணாடிய தாங்கலா வச்சு பலமா அமுக்கக் கூடாது, விளிம்பு சில்லு தெறிச்சா அந்த பாட்டில அப்படியே தூக்கி போட வேண்டியது தான், மேலோட்டமா வழிச்சு எடுத்துட்டு மிச்சத்த சாப்பிடலாம்னு பாக்காதீங்க. ஒரு எடத்துல வரலைன்னா பாட்டில கொஞ்சம் திருப்பி அடுத்த சந்துல. திடீர்னு ஒரு "புஸ்ஸ்", கூடவே "டக்"னு சத்தம் வரும், மூடி நடுவுல பள்ளமா இருந்த வட்டம் மேல எழும்பிடும். இப்ப ரெண்டு விரல்ல திருகினாலே வந்துடும், உங்க வீட்டுக்காரர் முன்னாடியே செஞ்சு காட்டுங்க.

வீட்ல சோடா பாட்டில் ஓப்பனர் இருந்தா அதோட கொக்கிய மூடி அடில கொடுத்து நெம்பினா இன்னும் சுலபம். இதுக்குன்னே பிளாஸ்டிக்ல ஒரு சாவி கூட வருது, மூடி மேல அண்டக்கொடுத்து விளிம்ப தூக்கற மாதிரி, கண்ணாடில படாது, நல்ல சாமான் தான். ஆனா அது செய்யற வேலை இதே வேலை தான்.

இன்னொண்ணு, அந்த நடு வட்டம் கடைலயே மேல எழும்பி இருந்து, அமுக்கினா டக் டக்னு ஆடிச்சுன்னா அந்த பாட்டில வாங்காதீங்க. யாரோ திறந்து மூடியிருக்காங்க, இல்ல சீல் விட்டுப்போச்சு.

கேள்வி: பாட்டில் அடில தட்டினா திறக்கும்னு யூட்யூப்ல பாத்தேன். நிஜமாவா, இல்ல லைக்ஸுக்காகவா? — திருச்சி வாசகர்

நிஜம் தான், ஆனா எல்லா பாட்டிலுக்கும் இல்ல. சாய்ச்சு பிடிச்சு உள்ளங்கையால அடில ஓங்கி ஒண்ணு வச்சா உள்ள இருக்கற திரவம் போய் மூடில மோதும், அதுல சீல் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். தண்ணியா இருக்கற வினிகர் மிளகாய், ஆலிவ் மாதிரி பாட்டிலுக்கு வேலை செய்யும். மாவடு பாட்டிலுக்கு சில நேரம். ஆவக்காய்க்கு கைதான் வலிக்கும், அது நகர்ந்து போய் எப்ப மூடிய இடிக்கறது.

கேள்வி: சுடுதண்ணில காட்டினா மூடி லூசாகும்னு மாமியார் சொன்னாங்க. ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்த பாட்டில அப்டியே கொதிக்கற தண்ணில வச்சேன், அடிப்பக்கம் பட்டுனு விட்டுடுச்சு. மாமியார்ட்ட சொல்லவும் முடியல. — கோயம்புத்தூர் வாசகி

மாமியார் சொன்னது சரி தான், அவங்க சொன்னது மூடிய காட்ட சொல்லி, நீங்க பாட்டிலயே குளிப்பாட்டிட்டீங்க. கண்ணாடி சில்லுனு இருக்கும்போது திடீர்னு சூடு பட்டா வெளிப்பக்கம் விரியும், உள்பக்கம் விரியாது, அந்த இழுபறில விட்டுடும். ஃப்ரிட்ஜ் பாட்டில அரை மணி நேரமாச்சும் வெளில வச்சு குளிர் போகவிட்டு, அப்பறம் தலைகீழா சாய்ச்சு பிடிச்சு மூடி மேல மட்டும், கை பொறுக்கற சூட்டுல, ஒரு நிமிஷம் தண்ணி ஓடற மாதிரி காட்டணும். கொதிதண்ணி எதுக்கு.

தகரம் விரிஞ்சு லூசாகுதுன்னு தான் எல்லாரும் சொல்றாங்க. விரியறது உண்மை தான், ஆனா இரும்புத் தகரம் கண்ணாடிய விட கொஞ்சூண்டு தான் கூட விரியும், அலுமினிய மூடின்னா அதுக்கு ரெட்டிப்பா விரியும். இந்த ஜாம் மூடிக்கு எல்லாம் பெரிய உதவி எதுன்னா, மூடிக்குள்ள சுத்தி ஒரு ரப்பர் மாதிரி பூச்சு இருக்கும் பாருங்க, அது சூட்டுல இளகுது, மரைல காஞ்சு கெட்டியான சர்க்கரை கரையுது. அதனால சுடுதண்ணி காட்டி முடிச்சதும் நல்லா துடைச்சுட்டு உடனே திருகணும். ஈரக் கையோட வழுக்கிட்டே நின்னு, அது திரும்ப ஆறினதுக்கப்பறம் திருகினா செஞ்சது வேஸ்ட்.

கேள்வி: ஏற்கனவே திறந்து யூஸ் பண்ணிட்டு இருக்கற தேன் பாட்டில், எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஏன் திரும்ப திரும்ப ஒட்டிக்குது? அதுல தான் காத்து போயிடுச்சே? — விருதுநகர் வாசகி

நல்ல கேள்வி. இதுல காத்துக்கு வேலை இல்ல, இது பிசுக்கு. தேன் மரைல வழிஞ்சு காஞ்சா சர்க்கரை கட்டி, ஊறுகாய்னா உப்பும் எண்ணெயும். தகர மூடின்னா அந்த உப்பும் புளிப்பும் சேந்து துரு வேற பிடிச்சுடும், அப்பறம் மூடியும் கழுத்தும் ஒண்ணா ஆயிடும். இங்க ஸ்பூன் வச்சு நெம்பி பிரயோஜனம் இல்ல, கரைக்கணும். தேனுக்கு வெதுவெதுப்பான தண்ணில துணிய நனைச்சு மூடிய சுத்தி கட்டி அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க. ஊறுகாய்க்கும் அதே தான், பிடிவாதமா இருந்தா மூடி விளிம்புல ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு தலைகீழா இல்லாம நேரா ராத்திரி பூரா வச்சுடுங்க.

அத விட, மூடும்போதே ஒரு தடவை பாட்டில் வாய சுத்தமான காஞ்ச துணியால துடைச்சுட்டு மூடினா இந்த கேள்வியே வராது. நம்ம பழைய ஆளுங்க ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஒரு துண்டு பாலிதீன் கவர வாய்ல விரிச்சு அது மேல மூடி போடுவாங்க பாருங்க, நமத்துப் போகாம இருக்கன்னு நினைச்சு செஞ்சது, மூடி ஒட்டாம இருக்கறதும் அதுல ஒரு லாபம். ஊறுகாய ஏன் பீங்கான் ஜாடில வச்சு துணி கட்டினாங்கன்னும் இப்ப புரியும், மரையே இல்லாத எடத்துல மரை எங்க மாட்டறது.

கேள்வி: எனக்கு 70 வயசாகுது. கட்டை விரல் மூட்டு தேய்மானம். வீட்ல நானும் அவரும் மட்டும் தான், பசங்க வெளியூர். ஒவ்வொரு தடவையும் பக்கத்து ஃப்ளாட் பையன கூப்பிட கூச்சமா இருக்கு. ஆன்லைன்ல ஏகப்பட்ட ஓப்பனர் காட்டுது, எத வாங்கறது? — சென்னை, மேற்கு மாம்பலம் வாசகி

அம்மா, உங்களுக்கு தான் இந்த பக்கத்துலயே பெரிய பதில் சொல்லணும். மத்தவங்களுக்கு நான் எதையும் வாங்காதீங்கன்னு சொல்லுவேன், உங்களுக்கு வாங்குங்கன்னு சொல்றேன்.

முதல்ல காசில்லாதது. விரல் நுனியால மூடிய கிள்ளிப் பிடிச்சு திருகறது தான் கட்டை விரல் மூட்டுக்கு எமன். மூடி மேல உள்ளங்கைய முழுசா பரத்தி வச்சு, மணிக்கட்ட திருப்பாம, தோள்லேந்து மொத்த கையும் திரும்பற மாதிரி திருப்புங்க. பாட்டில மேடை மேல வச்சா உயரமா இருக்கும், கைல பலம் வராது. சிங்க்குக்குள்ள, இல்ல உக்காந்துக்கிட்டு தாழ்வான ஸ்டூல் மேல வச்சு அடில ஈரத்துணி ஒண்ண மடிச்சு போட்டுட்டீங்கன்னா பாட்டில் சுத்தாது, மேலேந்து உடம்பு பாரத்தையும் கொடுக்கலாம். பிடிக்கு பாத்திரம் கழுவற ரப்பர் கிளவுஸ் போதும். அத விட நல்லது பழைய சைக்கிள் ட்யூப், சைக்கிள் கடைல கேட்டா சும்மாவே கொடுப்பாங்க, நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி சோப்பு போட்டு கழுவி வச்சுக்கோங்க, மூடிய சுத்தி போட்டா வழுக்கவே வழுக்காது. வேட்டித்துணி, பழைய காட்டன் புடவைத்துணி எல்லாம் பிடிக்காதும்மா, வழுக்கும்.

இப்ப வாங்கறது. சிலிகான் வட்டம், கூம்பு மாதிரி ரப்பர் இதெல்லாம் ட்யூப் துண்டு செய்யற வேலைய தான் செய்யும், அதுல காசு போடாதீங்க. பெல்ட் மாதிரி சுத்தி இழுத்து பிடிக்கற ரெஞ்சு ஒண்ணு இருக்கு, மெக்கானிக் ஆயில் ஃபில்டர் கழட்ட வச்சிருப்பாரே அதே தான், கிச்சனுக்குன்னு சின்னதா வருது. கைப்பிடி நீளமா இருக்கறதால கொஞ்சம் பலம் போட்டா போதும், சின்ன மூடிலேந்து பெரிய மூடி வரைக்கும் ஒண்ணே வரும், ஆனா பெல்ட்ட மாட்டி இறுக்க விரல் வேலை கொஞ்சம் இருக்கு. ஷெல்ஃபுக்கு அடில ஸ்க்ரூ போட்டு மாட்டற ‘வி’ வடிவ பல்லு வச்ச ஓப்பனர் தான் உங்களுக்கு என் ஓட்டு. மூடிய அதுல சொருகிட்டு ரெண்டு கையாலயும் பாட்டில பிடிச்சு திருப்பினா போதும், மூடிய விரலால பிடிக்கற வேலையே கிடையாது. கார்பென்டர கூப்பிட்டு ஒரு தடவை மாட்டிட்டா ஆயுசுக்கும். பேட்டரி ஓப்பனர்னு ஒண்ணு மேல வச்சு பட்டன அமுக்கினா தானா திருகும், கை சுத்தமா முடியாதவங்களுக்கு அது நிஜமாவே வரம், மத்தவங்களுக்கு பேட்டரி மாத்தற வேலை ஒண்ணு கூடினது தான் மிச்சம்.

அப்பறம் ஒரு விஷயம், புதுசா வாங்கினத பக்கத்து பையன் ஒரு தடவை திறந்து கொடுத்ததும் அதுலயே வச்சுக்காம, க்ளிப் மாதிரி தூக்கி திறக்கற டப்பாக்கு மாத்திடுங்க. பையனுக்கு ஒரு முறுக்கு கொடுத்தா கூச்சமும் போயிடும்.

கேள்வி: அக்கா, நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப ஸ்காபரோவில இருக்கிறம். எங்கட வீட்டில கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் ரின்மீன் (டின்ல அடைச்ச மீன்) கறி இருக்கும். ஓப்பனர் வாங்கி ஒரு வருசமும் ஆகேல்ல, இப்ப வழுக்கி வழுக்கிப் போகுது, அரைவாசி வெட்டுது அரைவாசி விடுது. இவர் கத்தியால குத்தித்தான் திறக்கிறார், எனக்குப் பயமா இருக்கு. — ரொறன்ரோ வாசகி

முதல்ல அவர் கைலேந்து கத்திய வாங்குங்க. டின் மேல கத்தி முனை வழுக்கினா நேரா டின்ன பிடிச்சிருக்கற கைக்கு தான் வரும், கத்தியும் போச்சு கையும் போச்சு.

நீங்க சொல்றது ரெண்டு கைப்பிடி, பக்கத்துல பட்டாம்பூச்சி மாதிரி திருகற சாவி வச்ச ஓப்பனர்னு நினைக்கறேன். அதுல ரெண்டு சக்கரம் இருக்கும். கூர்மையா இருக்கறது டின் மூடிய வெட்டறது, பல்லு பல்லா இருக்கறது டின் விளிம்புக்கு அடில உக்காந்து டின்ன நகத்தறது. வழுக்கறதுக்கு முக்காவாசி காரணம் இந்த பல்லு சக்கரம் தான், மீன் எண்ணெயும் தக்காளி சாறும் பல்லுக்கு நடுவுல காஞ்சு அடைச்சிருக்கும், பல்லே இல்லாத மாதிரி ஆயிடும். சுடுதண்ணில டிஷ் சோப் போட்டு ஊறவச்சு பழைய டூத் பிரஷால ஒவ்வொரு பல்லா தேய்ங்க, அப்பறம் உடனே துடைச்சு காய வைங்க, சிங்க்ல ஈரத்தோட போட்டா துரு. ஒவ்வொரு தடவை டின் திறந்ததும் இத கழுவணும், நிறைய பேர் ட்ராயர்ல அப்டியே போட்டுடறாங்க, போன வாரத்து மீன் இந்த வாரத்து பைனாப்பிள்ல.

கழுவியும் வழுக்கினா மாட்டற விதத்த பாருங்க. பல்லு சக்கரம் விளிம்புக்கு வெளிப்பக்கம் அடில, வெட்டற சக்கரம் உள்பக்கம் மூடி மேல. கைப்பிடி ரெண்டையும் இறுக்கி மூடும்போது "கடக்"னு தகரத்துல ஓட்டை விழற சத்தம் கேக்கணும், அது கேக்காம சாவிய திருகினா விளிம்ப கிழிச்சுட்டு போகும். கடைசி ஒரு இன்ச் வெட்டாம விட்டுட்டு ஸ்பூனால மூடிய தூக்குங்க, முழுசா வெட்டினா மூடி குழம்புக்குள்ள முங்கிடும், விரல விட்டு எடுக்கப் போய் தான் நிறைய பேருக்கு வெட்டு.

கைப்பிடி ரிவிட்டே ஆடுதுன்னா தூக்கி போட்டுட்டு, அடுத்த தடவை வாங்கும்போது பக்கவாட்டுல வெட்டற டைப் கேளுங்க. அது மூடிய மேலேந்து குத்தாது, விளிம்புல தகரம் மடிச்சு சுருட்டியிருக்கே அந்த மடிப்ப வெளிலேந்து வெட்டும், மூடியும் டின் வாயும் ரெண்டுமே கூர் இல்லாம வரும், வெட்டற சக்கரம் சாப்பாட்டுல படாது. முதல் தடவை வெட்டிச்சா இல்லையான்னே தெரியாது, திருகி முடிச்சு தூக்கினா மூடி கைல வரும். மிச்ச மீன டின்னோட ஃப்ரிட்ஜ்ல வைக்காம வேற பாத்திரத்துல மாத்திடுங்க.

கேள்வி: ஹாஸ்டல்ல இருக்கேன்கா. ஊருக்கு போன சீனியர் ரசகுல்லா டின் ஒண்ணு வாங்கிட்டு வந்து கொடுத்தான். ஓப்பனரும் இல்ல, கத்தியும் அலவுட் இல்ல. நாலு நாளா டின்ன பாத்துட்டு தூங்கறோம். — வேலூர் மாணவர்

தம்பி, ஸ்பூன் இருக்குல்ல? நல்ல கெட்டி எவர்சில்வர் ஸ்பூன். டின்ன தரைல வச்சு, ஸ்பூன் குழி முனைய மூடியோட ஓரத்துல உள்பக்கம், விளிம்ப ஒட்டி இருக்கற பள்ளத்துல செங்குத்தா வச்சு, ஒரே எடத்துல முன்னும் பின்னும் பலமா தேய். தகரம் வெளுத்து மெலிசாகி ஒரு கட்டத்துல முனை உள்ள இறங்கும். அப்பறம் அந்த ஓட்டைய பக்கத்துல பக்கத்துல நெம்பி பெருசாக்கிட்டே போகலாம். விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும், துணிய சுத்திட்டு பிடி.

இன்னொரு வழி சிமெண்ட் தரை. டின்ன கவுத்து வச்சு சொரசொரப்பான சிமெண்ட்ல அமுக்கி வட்டமா தேச்சுட்டே இரு, விளிம்பு மடிப்பு தேஞ்சு போகும். நடு நடுல தூக்கி பாரு, தரைல ஜீரா ஈரம் கசிஞ்சு வட்டமா தெரிஞ்சா உடனே நிறுத்து, நிமித்தி வச்சு மேல துடைச்சுட்டு பக்கவாட்டுல ரெண்டு கையாலயும் அமுக்கினா மூடி எழும்பும். ஆனா மண்ணு, தகரத் தூள் எல்லாம் ஜீரால விழ சான்ஸ் இருக்கு, அதனால ரசகுல்லாவுக்கு ஸ்பூன் தான் நல்லது. மாட்டினா வார்டன்ட்ட என் பேர சொல்லாத.

கேள்வி: டின் கண்டுபிடிச்சவங்க அத திறக்கறதுக்கும் சேத்து கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களா? பசங்க கேக்கறாங்க, பதில் தெரியல. — திருநெல்வேலி ஆசிரியை

மாட்டாங்க டீச்சர், அது தான் கூத்து. 1810ல இங்கிலாந்துல பீட்டர் டுராண்ட் டின்னுக்கு பேட்டன்ட் வாங்கினாரு. அதுக்குன்னு ஓப்பனர்னு ஒண்ணு வந்தது 1855ல, ராபர்ட் யேட்ஸ்னு அங்கயே ஒருத்தர் செஞ்சது. நடுவுல 45 வருஷம் சுத்தியலும் உளியும் தான், டின் மேலயே ஓரத்துல உளி வச்சு வெட்டிக்கோங்கன்னு எழுதி வித்திருக்காங்க. அப்ப டின்னெல்லாம் கனமான இரும்பு, பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் போன சரக்கு, அங்க உளிக்கு என்ன பஞ்சம். தகரம் மெலிசானதுக்கு அப்பறம் தான் வீட்டுக்கு வந்துச்சு, வீட்டுக்கு வந்ததுக்கு அப்பறம் தான் ஓப்பனர் பத்தி யோசிச்சாங்க. 1858ல அமெரிக்கால எஸ்ரா வார்னர்னு ஒருத்தர் கொக்கி மாதிரி கத்தி வச்சு ஒண்ணு செஞ்சாரு, குத்தி குத்தி அறுக்கணும், பாக்கவே பயமா இருக்கும். சக்கரம் உருண்டு வெட்டற ஓப்பனர் 1870ல வில்லியம் லைமன் செஞ்சது. வளையத்த இழுத்தா திறக்கற பான டின்னுக்கு எர்மல் ஃப்ரேஸ்ங்கற அமெரிக்கர் பேட்டன்ட் வாங்கினது 1963. பசங்ககிட்ட 1810லேந்து 1963ன்னு கழிச்சு பாக்க சொல்லுங்க, கணக்கு பாடமும் ஆச்சு.

கேள்வி: அந்த இழுக்கற வளையமே கையோட வந்துடுச்சுன்னா? — ஈரோடு வாசகர்

மூடி ஓரத்துல வட்டமா ஒரு கோடு கீறியிருக்கும், அங்க தகரம் மெலிசு. ஸ்பூன் முனைய அந்த கோட்டு மேல வச்சு அமுக்கினா இறங்கிடும். டின்ன கவுத்து அடிய ஓப்பனரால வெட்டலாம்னு பாப்பீங்க, அடில மடிப்பு விளிம்பு இருந்தா தான் முடியும், நிறைய டின்ல இப்ப அடி உருண்டையா ஒரே தகடா வருது, அதுல ஓப்பனர் பிடிக்காது. வளையம் உடையாம இருக்க, நகத்தால தூக்காம ஸ்பூன் காம்ப அடில கொடுத்து நெம்பி முதல்ல "டப்"னு ஓட்டை விழ வச்சுட்டு அப்பறம் இழுங்க.

கேள்வி: சூடா சாதம் போட்டு மூடின எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டின டம்ளர், ஆறிப்போன குக்கர். இந்த மூணும் எங்க வீட்ல தினமும் சண்டை. — தஞ்சாவூர் வாசகி

டிபன் பாக்ஸும் குக்கரும் ஜாம் பாட்டில் கதை தான். சூட்டோட மூடினீங்க, ஆறினதும் உள்ள காத்து சுருங்கி மூடிய இழுத்து பிடிச்சுக்குது. பாக்ஸ வெந்நீர்ல அடி மட்டும் படற மாதிரி கொஞ்ச நேரம் வைங்க, உள்ள காத்து விரிஞ்சு தானே விடும். நாளைக்கு மூடும்போது ஆவி அடங்க ரெண்டு நிமிஷம் விட்டு மூடுங்க.

குக்கர்ல மட்டும் அவசரப்படாதீங்க. வெயிட்ட லேசா தூக்கி பாருங்க, ஆவி வரலைன்னா வெயிட்ட முழுசா எடுத்துடுங்க, காத்து உள்ள போனதும் மூடி விட்டுடும். ஆனா ஆவி வரலைங்கறதுக்கு பருப்பு போய் வெயிட் குழாய அடைச்சிருக்கறதும் ஒரு காரணமா இருக்கலாம், அப்ப உள்ள இன்னும் பிரஷர் இருக்கும். சந்தேகமா இருந்தா குழாயடில வச்சு முழுசா சில்லுனு ஆகற வரைக்கும் தண்ணி விடுங்க, அது வரைக்கும் கரண்டியால தட்டறது, நெம்பறது எதுவும் வேணாம்.

டம்ளருக்கு உள் டம்ளர்ல ஐஸ் தண்ணி, வெளி டம்ளர வெதுவெதுப்பான தண்ணில. உள்ளது சுருங்கும், வெளிது விரியும், லேசா திருகினா வந்துடும்.

கேள்வி: காளான் டின் ஒண்ணு மூடி மேல உப்பி இருந்துச்சு. தேதி இன்னும் முடியல. திறந்து மோந்து பாத்துட்டு முடிவு பண்ணலாமா? — புதுச்சேரி வாசகி

வேணாம். மோந்து பாக்கவும் வேணாம், நாக்குல வச்சு பாக்கவே வேணாம். தோசை மாவு டப்பா மூடி பொங்கி தூக்கினா அது நம்ம புளிப்பு, பரவால்ல. டின் உப்பினா உள்ள கிருமி வளந்து கேஸ் விட்டுட்டு இருக்குன்னு அர்த்தம். காளான், பீன்ஸ், மீன் மாதிரி புளிப்பில்லாத டின்ல காத்தே இல்லாம வளர்ற க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரு கிருமி இருக்கு, அதோட விஷம் நரம்ப தாக்கும், துளி போதும். வாசனை மாறாம கூட இருக்கலாம், அதனால மூக்க நம்பாதீங்க. திறக்காம கவர்ல கட்டி குப்பைல போடுங்க, நாய் பூனை மாடு தொடாத மாதிரி. கசியற டின், மடிப்பு மேலயே நசுங்கின டின் ரெண்டும் இதே லிஸ்ட்.

கேள்வி: தம்பி கல்யாணத்துக்கு கோலி சோடா பெட்டி பெட்டியா வாங்கியிருக்கோம். திறக்க தெரியாம விருந்தாளி முகத்துலயே அடிச்சிடுச்சு. — மதுரை வாசகர்

இது மட்டும் இந்த பக்கத்துல தலைகீழ் கேஸ். மத்த பாட்டில்ல வெளிக்காத்து உள்ள அமுக்குது, இதுல உள்ள இருக்கற கேஸ் கோலிய மேல தள்ளி ரப்பர் வளையத்துல ஒட்ட வச்சிருக்கு. ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர் 1872ல பேட்டன்ட் வாங்கின பாட்டில், அங்க போயிடுச்சு, நம்மகிட்ட இன்னும் இருக்கு. பாட்டில நல்லா சில்லுனு வைங்க, வெயில்ல வச்ச சோடா தான் முகத்துல அடிக்கறது. குலுக்காம மேசை மேல நேரா வச்சு, கூட கொடுத்த கட்டைய வாய்ல வச்சு உள்ளங்கையால ஒரே அமுக்கு. கோலி இறங்கினதும் கைய எடுத்துடாதீங்க, நுரை அடங்கற வரைக்கும் அப்டியே அமுக்கி பிடிங்க. குடிக்கும்போது கழுத்துல ரெண்டு குழி இருக்கற பக்கம் கீழ வர்ற மாதிரி சாய்ச்சா கோலி அதுல போய் உக்காந்துக்கும், வாய அடைக்காது.

கேள்வி: 20 லிட்டர் தண்ணி கேன் மூடி கிழியவே மாட்டேங்குது, நகம் உடைஞ்சது தான் மிச்சம். — தாம்பரம் வாசகி

அந்த நாக்கு மாதிரி இருக்கறத மேல இழுக்காதீங்க, பக்கவாட்டுல, கேன சுத்திட்டு வர்ற மாதிரி இழுங்க. நாக்கு அறுந்துட்டா அடுப்படி இடுக்கியால நுனிய பிடிச்சு இழுங்க, கத்தி போட்டீங்கன்னா பிளாஸ்டிக் சீவல் தண்ணில விழும். அதுக்கு முன்னாடி மூடியையும் கழுத்தையும் ஒரு தடவை துடைச்சுடுங்க, வேன்ல எங்கெங்க உருண்டு வந்துச்சோ.